பக்கம், வரி, பிழை, திருத்தம்



பழைய தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். நூலின் கடைசியிலோ முகவுரையை ஒட்டியோ நான்கு கட்டம் போட்ட ஒரு பட்டியல் இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம். நூலைப் படிக்குமுன் இவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று அதன் தலையில் ஒரு வேண்டுகோளும் இருக்கும். அந்தக் காலத்து வாசகர்கள் பலர் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். நூலகத்துப் பழம்பிரதிகளில் எழுத்தை அடித்து, மேலே சரியானதைப் பென்சிலால் எழுதிய தடத்தை இன்றும் பார்க்கலாம். கணினி அச்சுக்கோப்பு வந்தபின் அந்தப் பக்கம் மெல்ல மறைந்துவிட்டது. பிழைகள் என்னவோ அப்படியேதான் இருக்கின்றன.

இன்று நான் பேசப் போவது ஒரு வகை நூல்களைப் பற்றி மட்டும். ஆசிரியரே கைக்காசு போட்டு அச்சிடும் நூல்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதிய ஊர் வரலாறு, ஒரு கோயிலின் திருப்பணிக் கதை, குடும்ப வரலாறு, பரம்பரை வைத்தியர் தொகுத்த மருந்துக் குறிப்புகள், கவிதைத் தொகுப்பு. ஊரில் இருக்கும் டிடிபி கடையில் அடித்து, பக்கத்து நகரத்தில் முந்நூறோ ஐந்நூறோ பிரதி போட்டு, திருமண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுக்கப்படும் நூல்களும் இதில் அடக்கம். இவற்றுக்குப் பதிப்பாசிரியர் கிடையாது. மெய்ப்புப் பார்த்தவர் பெரும்பாலும் எழுதியவரே. தான் எழுதியதைத் தானே மெய்ப்புப் பார்த்தால் கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனத்தில் இருப்பதைத்தான் படிக்கும். ஆகவே இந்த நூல்களில் பிழை இருக்கும். அதைக் கண்ட வாசகர் என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி.

சொந்தப் பதிப்பு என்றால் தரம் குறைந்தது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் சங்க நூல்களும் காப்பியங்களும் அச்சேறிய கதை பெரும்பாலும் சொந்தப் பதிப்பின் கதைதான். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தாமே அச்சுக்கூடம் வைத்தார். சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டபோது ஏடு தேடிய உழைப்பும் அச்சிட்ட பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தன. அதே 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே, முன்கூட்டிக் கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்து, சென்னைக்கு வந்து தங்கி மெய்ப்புப் பார்த்து நடத்திய காரியம் அது.

அந்தச் சிந்தாமணிப் பதிப்பைக் குறைகூறி அச்சிட்ட கண்டனங்கள் வந்ததையும், அவற்றால் தம் மனம் புண்பட்டதையும் ஐயர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். கண்டனம் எழுதியவர்களும் வாசகர்கள்தாம். வேறு ஒரு வகை வாசகர்களும் அவருக்கு இருந்தார்கள். இன்ன ஊரில் இன்னார் வீட்டில் ஓர் ஏடு இருக்கிறது என்று சொன்னவர்கள், பாடபேதம் காட்டியவர்கள், ஜைன சமயச் செய்திகளில் ஐயம் தீர்த்தவர்கள். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. இடையில் இருபது ஆண்டு. புதிதாகக் கிடைத்த ஏடுகளும் புதிதாகக் கிடைத்த விளக்கங்களும் அந்தப் பதிப்பைச் செம்மையாக்கின. கண்டனத் துண்டுப் பிரசுரங்களை இன்று ஆராய்ச்சியாளர் தவிர யாரும் தேடுவதில்லை. ஏடு காட்டியவர்களின் உதவி நூலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி நம் காலத்து ஊர் வரலாற்று நூலுக்கு வருவோம். சோழர் வரலாற்றைப் பற்றிப் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்ட நூலில் ஓர் ஆண்டு தவறாக இருந்தால் பெரிய கேடில்லை. அதே செய்தி வேறு பத்து நூல்களில் சரியாக இருக்கும், ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஒரு சிற்றூரின் ஏரி மதகு எப்போது கட்டப்பட்டது என்பதைச் சொல்லும் நூல் உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். முந்நூறு பிரதி போட்ட அந்தச் சொந்தப் பதிப்பு. அதில் தவறினால் எதிர்த்துப் பேச இன்னொரு நூல் இல்லை. நாளைக்கு ஒரு முனைவர் பட்ட மாணவர் அதை அடிக்குறிப்பில் எடுத்தாள்வார். அந்த ஆய்வேட்டை இன்னொருவர் எடுத்தாள்வார். பிறகு அதுவே சான்று. பிழை சிறியதா பெரியதா என்பதைக் காட்டிலும், அதை மறுக்க வேறு ஏதேனும் இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொந்தப் பதிப்பில் பிழை கண்ட வாசகருக்குக் கூடுதலான கடமை இருப்பதாக நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

எடுத்துக்காட்டாக, கும்பாபிஷேகம் ‘விரோதி ஆண்டு’ நடந்தது என்று ஒரு கோயிலில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விரோதி 1889இலும் வரும், 1949இலும் வரும், 2009இலும் வரும். ஊர் வரலாறு எழுதியவர் 1949 என்று முடிவு செய்து எழுதிவிட்டார். அந்த ஊரில் ஒரு குடும்பத்தில் அந்தக் கும்பாபிஷேகச் செலவுக் கணக்கு நோட்டு இருக்கிறது. அதில் ராணி தலை போட்ட ரூபாயில் கணக்கு. அந்த வீட்டுப் பேரன் நூலைப் படிக்கிறார். அறுபது ஆண்டுப் பிழையைத் திருத்தக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். ‘என்னமோ எழுதியிருக்கிறார்’ என்று அவர் நூலை மூடி வைத்தால், அந்த ஊரின் கோயில் அறுபது வயது இளமையாகவே இருந்துவிடும்.

ஆனால் பேனாவை எடுக்குமுன், அது பிழைதானா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் கனடாவிலிருந்து வெளியிட்ட நினைவுக் குறிப்பில் ‘ரொறன்ரோ’ என்று இருக்கும். சென்னை வாசகர் உடனே சிவப்பு வட்டம் போடுவார். அது ஈழத்து எழுத்து மரபு. அங்கே பிறமொழிச் சொல்லில் நாம் ‘ட’ போடும் ஒலியை ‘ர’ போட்டு எழுதுவது நெடுநாள் வழக்கம். கன்னியாகுமரிப் பக்கத்து நூலில் ஆண்டு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்று இருந்தால் அது கொல்லம் ஆண்டாக இருக்கலாம். 824 அல்லது 825 கூட்டிப் பார்க்க வேண்டும். வட்டாரச் சொல், சாதி வழக்கு, தொழில் வழக்கு எல்லாம் இப்படித்தான். அகராதியில் இல்லை என்பதால் ஒரு சொல் பிழையாகிவிடாது. இந்த நூல்களின் மதிப்பே அகராதியில் ஏறாத சொற்களைத் தாங்கி வருவதில்தான் பாதி இருக்கிறது. அவற்றைத் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதுகிறவர் உபகாரமா செய்கிறார்?

ஒற்றுப்பிழையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தமிழ் வாசகர்களில் ஒரு சாரார் புத்தகம் கையில் வந்ததும் வல்லினம் மிகும் இடங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ‘வேலை கொடுத்தான்’, ‘வேலைக் கொடுத்தான்’ என்பவற்றுக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நூறு ஒற்றைப் பட்டியலிட்டு அனுப்பியவர், அதே நூலில் தாத்தாவுக்கு முன்னால் பேரன் பிறந்துவிட்டதைக் கவனிக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதில் ஒரு வரிசை உண்டு. பெயர், ஆண்டு, அளவு, உறவுமுறை, இடம் ஆகியவை முன்னால் வர வேண்டும். ஒற்று பின்னால் வரலாம்.

இன்னொரு வகைப் பிழை எழுதியவருடையதே அல்ல. ஒருங்குறி பரவலாகும் முன் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று தரங்கள் வந்தன. அதன் பின்னும் அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. இன்றும் ஆசிரியர் ஒருங்குறியில் தட்டி அனுப்புவதை, பக்கம் வடிவமைப்பவர் தம் பழைய மென்பொருளுக்காக வேறு எழுத்துருவுக்கு மாற்றுகிறார். மாற்றும்போது உடைகிறது. கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கும், ‘ஸ்ரீ’ சிதறும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்து ‘பாரதி’ ‘பரரதி’ ஆகிவிடுவார். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் தாளில் வித்தியாசமே தெரியாது. மின்னூலில் தேடினால் மட்டும் ஔவையார் அகப்படமாட்டார். குரலால் தட்டச்சு செய்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்கள் நூல்களில் ‘வழி’ எல்லாம் ‘வலி’யாக இருக்கும். ஒரே மாதிரிப் பிழை நூல் முழுக்க வந்தால் அது கருவியின் வேலை. அப்போது அறுபது இடங்களைத் தனித்தனியே எழுதி ஆசிரியரைத் திணறடிக்க வேண்டாம். ‘இன்ன எழுத்து நூல் முழுக்க உடைந்திருக்கிறது, மூலக் கோப்பைப் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சரி, பிழை பிழைதான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்தது, யாரிடம் சொல்வது? என் விடை: எழுதியவரிடம், அவரிடம் மட்டும், முதலில். அந்தப் பழைய நான்கு கட்டத்தையே படிவமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே எந்தப் பதிப்பு என்பதைக் குறித்துவிட்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, இருப்பது எது, இருக்க வேண்டியது எது என்று எழுதுங்கள். ஐந்தாவதாக ஒரு கட்டத்தை நான் சேர்ப்பேன்: உங்களுக்கு எப்படித் தெரியும்? கல்வெட்டா, பத்திரமா, பாட்டி சொன்னதா? பாட்டி சொன்னது என்றால் பாட்டி சொன்னது என்றே எழுதுங்கள். எழுதியவரும் இன்னொரு பாட்டியைக் கேட்டுத்தான் எழுதியிருப்பார். இரண்டு பாட்டிகளும் வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்பதே அடுத்த பதிப்பில் ஒரு நல்ல அடிக்குறிப்பு ஆகும். எது உறுதி, எது ஐயம் என்பதைப் பிரித்து எழுதினால், வாங்கிக்கொள்பவருக்கும் கூச்சம் இருக்காது.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஓர் எடுத்துக்காட்டு. டொனால்டு கனூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை 1968இல் வெளியிட்டார். வெளியிட்டது பெரிய நிறுவனம்தான். ஆனாலும் 1977இல் இரண்டாம் தொகுதியின் புதுப்பதிப்புக்கு வந்த மெய்ப்பு கண்ணுக்குப் பிடிக்காமல், அச்சுக்கோப்புக்கென்றே ‘டெக்’ என்ற மென்பொருளைத் தாமே உருவாக்கியவர் அவர். தம் நூலில் பிழை கண்டு முதலில் சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்புவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். 256 சென்ட் என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் சரியாக நூறு. பெற்றவர்களில் பலர் காசோலையை வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். வங்கி மோசடிகளுக்கு அஞ்சி 2008இல் உண்மையான காசோலையை நிறுத்திவிட்டு, ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழை அனுப்பத் தொடங்கினார். பிழை சொல்கிறவர்கள் அதற்காகக் குறைந்துவிடவில்லை. நம் ஊர்ச் சொந்தப் பதிப்பாளரிடம் இரண்டு டாலரை எதிர்பார்க்க வேண்டாம். ‘பிழை சொன்னவர்கள்’ என்று அடுத்த பதிப்பில் ஒரு வரி போட்டால் அதுவே பெரிய பரிசு.

இதற்கு நேர்மாறாக நடப்பவற்றையும் சொல்ல வேண்டும். வெளியீட்டு விழாவில் நூலைப் படிக்காமலே வானளாவப் புகழ்வது. படித்தவர் என்றால், மேடையிலேயே எழுதியவரை உட்காரவைத்துக்கொண்டு பிழைப் பட்டியல் வாசிப்பது. முதலாவதால் ஏமாற்றம், இரண்டாவதால் அவமானம். பிழை திருந்துவதோ இரண்டாலும் இல்லை. பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றும், எழுதியவருக்குக் கடைசியாக வந்து சேரும். விற்பனைத் தளத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு ‘நிறையப் பிழை’ என்று இரண்டு சொல் எழுதுவதும் இதே இனம். நிறையப் பிழை என்றால் எங்கே? வாங்கப் போகிறவரை எச்சரிக்க வாசகருக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் குறையைச் சொல்லக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் எச்சரிக்கை பயன்பட வேண்டுமானால் அதில் விவரம் வேண்டும். எழுதியவர் திருத்திவிட்டால், போட்ட மதிப்புரையையும் திருத்தும் நேர்மை வேண்டும்.

எழுதியவரிடம் தனியாகச் சொல்லிக் காத்திருப்பது என்ற முறைக்கு விலக்கு உண்டு. மருந்துக் குறிப்பு நூலில் அளவு தவறியிருந்தால் காத்திருக்கக் கூடாது. இன்றைய சித்த மருத்துவக் கணக்கில் ஒரு பலம் 35 கிராம், ஒரு வராகன் 4.2 கிராம். வராகன் இருக்க வேண்டிய இடத்தில் பலம் என்று அச்சாகிவிட்டால் மருந்து எட்டு மடங்குக்கும் மேலாகிவிடும். சேர்வது கடுக்காய் என்றால் வயிற்றோடு போகும். சேங்கொட்டை என்றால்? இப்படிப்பட்ட இடத்தில் எழுதியவருக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள். நூலை விற்ற கடைக்கும் சொல்லுங்கள். வாங்கியவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால் அவர்களுக்கும் சொல்லுங்கள். எழுதியவர் மனம் புண்படுமே என்ற தயக்கத்துக்கு இங்கே இடமில்லை. சட்ட வழிகாட்டி நூலில் முறையீட்டுக் கெடு தவறாக இருந்தாலும் இதே கணக்குத்தான். பிறர் எழுத்தைத் திருடி அச்சிட்டிருந்தால் அது பிழையே அல்ல, வேறு விவகாரம். அதைத் திருட்டுக் கொடுத்தவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆர்வ மிகுதியால் சிலர் செய்யும் இன்னொரு காரியம்: நூலை வருடி, பிழைகளைத் தாமே திருத்தி, ‘திருத்திய பதிப்பு’ என்று மின்கோப்பாகப் பரப்புவது. நல்லெண்ணம்தான், ஆனால் செய்யக் கூடாதது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை உரிமை அவர் பக்கம். அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, தம் பெயருக்குக் கேடு வரும்படி தம் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் ஆசிரியருக்குத் தருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எது அவர் எழுதியது, எது நீங்கள் எழுதியது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். நாட்டுடைமையான நூல்களை விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர்களைப் பாருங்கள். மூலப் பக்கத்தின் படம் பக்கத்திலேயே இருக்கும். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற வரலாறும் இருக்கும். ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாமவரும் பார்த்தால்தான் பச்சை. திருத்துவதற்கு ஆசையுள்ளவர்கள் அங்கே போகலாம். அங்கே வேலை மலைபோல் கிடக்கிறது.

எழுதுகிறவர்கள் பக்கமும் சில கடமைகள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைய பேச்சு வாசகரைப் பற்றியது. முகவரி போடாத நூலுக்கு வாசகர் எங்கே எழுதுவார்? அச்சிட்ட ஆண்டு போடாத நூலை எந்தப் பதிப்பு என்று எப்படிச் சொல்வார்? இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் மின்னூலும் வந்தபின் ஒரு புதுச் சிக்கல் முளைத்திருக்கிறது. ஆசிரியர் வேண்டிய பொழுது கோப்பை மாற்றிவிடலாம். சிறு திருத்தத்துக்குப் புது ஐ.எஸ்.பி.என். வாங்க வேண்டியதும் இல்லை. ஆகவே ஒரே எண், ஒரே அட்டை, ஆனால் சித்திரையில் வாங்கியவர் கையில் ஒரு பாடம், ஆடியில் வாங்கியவர் கையில் வேறு பாடம். முதலில் வாங்கியவரின் கருவியில் பழைய கோப்பே கிடக்கலாம். பிழை சொல்லும் வாசகர் எப்போது வாங்கிய பிரதி என்பதையும் எழுத வேண்டியிருப்பது இதனால்தான். ஆசிரியர் ‘இன்ன தேதியில் இவை திருத்தப்பட்டன’ என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்தால், காணாமல் போன அந்த நான்கு கட்டம் திரும்பி வந்துவிடும். பிழை திருத்தப் பட்டியல் போட்டால் நூலின் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எனக்கு அந்தப் பட்டியல் உள்ள நூலைத்தான் அதிகம் நம்பத் தோன்றுகிறது. யாரோ ஒருவர் அதைத் திரும்பப் படித்திருக்கிறார் என்று தெரிகிறதல்லவா?

கடைசியாக, கடினமான இடம். எழுதியவர் மறைந்துவிட்டார். சொந்தப் பதிப்பு நூல்களில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பலர் எழுபதுக்கு மேல்தான் எழுதவே உட்காருகிறார்கள். மறுபதிப்பு வரப் போவதில்லை. பிள்ளைகளுக்கு அப்பாவின் புத்தகம் அப்பாவின் நினைவு. அதில் தவறு என்று சொன்னால் அப்பாவையே குறை சொன்னதுபோல் ஆகும். அவர்களோடு வாதாட வேண்டாம். அதற்காகப் பிழையை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஒரு பக்கம் போதும். மேலே நூலின் பெயர், ஆசிரியர், ஊர், ஆண்டு, அச்சகம். கீழே அந்த நான்கு கட்டம். அதன் கீழே சான்று. உங்கள் பெயர், தேதி. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி சென்னையில் பிரதி சேர வேண்டிய இடம் கன்னிமாரா நூலகம். அங்கே அந்த நூல் இருக்கிறதா என்று பாருங்கள். பல சொந்தப் பதிப்பாளர்களுக்கு அந்தச் சட்டமே தெரியாது என்பதால் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் உங்களிடம் கூடுதல் பிரதி இருந்தால் அதையே கொடுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மாவட்ட மைய நூலகம், அந்த ஊர்க் கிளை நூலகம் என்று எங்கெல்லாம் பிரதி இருக்கிறதோ அங்கெல்லாம் நூலகரிடம் பேசி அந்தத் தாளை ஒப்படையுங்கள். நூலகப் பிரதியில் நீங்களாகப் பேனா வைக்காதீர்கள், அது வேறு வம்பு. ஒப்படைத்த தாளுக்கு நூலகரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நூலகர்கள் மாறுவார்கள், அடுத்தவர் அதைக் குப்பைத்தாள் என்று எடுத்துப் போட்டுவிடாமலிருக்க, பட்டியல் பதிவிலும் ஒரு வரி ஏற்றச் சொல்லுங்கள்.